புது பிரேக் பேட் மாற்றியும் கார் கீச்சென்று கத்துவது ஏன்? எப்படிச் சரி செய்வது?

முன்பக்க பிரேக் பேட் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிரேக்கை மிதித்தாலே கீச்சென்று கத்துகிறது, பேட் போலியோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பேட் மேல் தப்பு இருக்காது, மாட்டின விதத்தில்தான் இருக்கும். போன வருடம் இதே பாடு நானும் பட்டேன்.

மாற்றிக் கொடுத்த இடத்தில் "ஓட ஓட சரியாயிடும் சார்" என்றார்கள். அது முழுப் பொய் இல்லை. புது பேடும், அது கவ்விப் பிடிக்கும் பழைய டிஸ்க்கும் (வீலோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு) ஒன்றோடொன்று முழுசாகப் படிய சுமார் 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை லேசாகச் சத்தம் வந்தால் பொறுத்துப் பார்க்கலாம். என் வண்டி 700 தாண்டியும் சிக்னலுக்குச் சிக்னல் கத்தியது. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வீலைக் கழற்றி, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியான காலிப்பரைத் தூக்கி, பேடைத் திருப்பிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுக்குப் பின்னாடி இருக்கற தகடு எங்க?"

அந்தத் தகட்டுக்குப் பெயர் ஷிம். பேடின் முதுகுக்கும் அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனுக்கும் நடுவில் உட்காரும். கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவது ஞாபகம் இருக்கிறதா? ஒட்டுவதும் வழுக்குவதுமாக அது வெகு வேகமாக அதிர்வதால் வரும் சத்தம் அது. பேடும் டிஸ்க்கில் அப்படித்தான் அதிர்கிறது. தட்டிய வெண்கலச் சொம்பை விரலால் தொட்டதும் ஓசை அடங்குமே, ஷிம் செய்வது அந்த வேலையை. புது பேடோடு ஷிம் வராவிட்டால், பழையது நல்ல நிலையில் இருந்தால் அதையே எடுத்து மாட்ட வேண்டும். என் வண்டியில் பழைய பேடோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

அடுத்து ஸ்லைடு பின்களை, அதாவது காலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகளைப் பார்த்தார். ஒவ்வொரு காலிப்பருக்கும் இரண்டு. விரலால் தள்ளினார், மேலே இருந்தது வழுக்கிக்கொண்டு போனது, கீழே இருந்தது அசையவே இல்லை. கொறடால் பிடித்து இழுத்தபோது பழைய கிரீஸ் காய்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. இப்படி ஒரு பின் இறுகிவிட்டால் காலிப்பர் நேராக நகராது, பேட் கோணலாக உரசும், ஒரு ஓரம் மட்டும் சீக்கிரம் தேயும். துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் உறையை ஊத வைத்துவிடும். பேடின் காது (இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) உட்காரும் ஸ்டீல் கிளிப்புக்கு அடியில் துரு மேடு கட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் புது கிளிப் போட்டார்.

டிஸ்க் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எமரி பேப்பரால் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுத்தோம், பேடின் முகத்தையும் லேசாக உரசினோம், பிரேக் கிளீனரால் கழுவினோம். உங்கள் டிஸ்க்கில் ஆழமான கோடுகளோ விளிம்பில் வரப்பு மாதிரி தடிப்போ இருந்தால் லேத்தில் கடைய வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; கடைந்தால் அதற்குக் கீழே போகும் என்றால் புது டிஸ்க்தான். பிரேக் தூசியை மட்டும் ஊதாதீர்கள், மூச்சில் போகும்.

அப்புறம் யாருமே செய்யாத வேலை ஒன்று: பேடைப் படிய வைப்பது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டி நடமாட்டமே இல்லாத பைபாஸ் ரோட்டில் போய்ச் செய்தேன். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிதானமாக அழுத்தி 10 வரை குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். இப்படி எட்டு, பத்து தடவை. கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்தி மிதித்துக்கொண்டே நின்றால் பேடின் தடம் டிஸ்க்கில் ஒட்டும். பிறகு பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கும். கொஞ்சம் கருகல் வாசனை வரும், பயப்பட வேண்டாம். ஆறாவது தடவையிலேயே என் வண்டியில் சத்தம் நின்றுவிட்டது.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சத்தம் போக எண்ணெயோ ஸ்பிரேயோ டிஸ்க்கில் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும். எண்ணெய் ஊறிய பேடைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் இரண்டு மூன்று மிதிக்குச் சத்தம் வந்து நின்றுவிட்டால், அது டிஸ்க்கில் படிந்த மேல்துரு, ஒன்றும் செய்ய வேண்டாம். பிரேக்கை விட்ட பிறகும் உரசல் கேட்டால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தூசித் தகடு வளைந்து தொடுகிறதா என்று பாருங்கள். கீச்சுக்குப் பதில் கரகரவென்று அரைத்தாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஒரு வீல் மட்டும் அனலாகக் கொதித்தாலோ 300 கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே வீலைக் கழற்றச் சொல்லுங்கள்.