ரொறன்ரோ குளிரில் பனை இன மரத்தை வெளியே நிலத்தில் நட்டு, சூடாக்கிய பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஸ்காபரோவில் என் வீட்டின் பின்வளவில் ஒன்று நிற்கிறது. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் மரத்தையும் வாங்கி, வீட்டில் ஏச்சும் வாங்கிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் போல. ‘தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே எடுங்கள்’ என்று சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். நான் சொல்லப் போவதில்லை.

முதலில் மரம் எது என்று பாருங்கள். தென்னை, ஊர்ப் பனை என்றால் கைவிடுங்கள். இங்கே வின்ட்மில் பாம் என்று விற்கிறார்களே, ட்ரக்கிகார்ப்பஸ் ஃபோர்ச்சூனி, சீனத்து மரம், அதுதான் தோதானது. ஓலை விசிறியாக விரியும், தண்டெல்லாம் பன்னாடை. தூரத்தில் நின்று பார்த்தால் வடலி என்றே நினைப்பீர்கள். நன்றாக வேர்விட்ட மரம் -12 பாகை செல்சியஸ் வரை கொஞ்ச நேரம் தாங்கும். வான்கூவரில் இங்கிலீஷ் பே கடற்கரையில் பெட்டியும் இல்லை, பல்பும் இல்லை, அது பாட்டுக்கு நிற்கிறது. நமக்கு வருகிற அந்தச் சில -20 இரவுகள்தான் பிரச்சினை.

பனை இனத்துக்கு உயிர் ஒரே இடத்தில், குருத்தில். மேப்பிள் கொப்பு செத்தால் பக்கத்தால் துளிர்க்கும். இதற்கு அந்த வசதி இல்லை. செவ்வண்டு குருத்துக்குள் போன தென்னை மாதிரித்தான், உள்ளே அழுகினால் கதை முடிந்தது. அந்த அழுகலைத் தொடக்கிவைப்பது பெரும்பாலும் குருத்துக்குள் தேங்கி உறைகிற தண்ணீர். அதனால் சூட்டை யோசிக்க முன்னர் மழையையும் ஸ்னோவையும் உள்ளே விடாத கூரையை யோசியுங்கள். நவம்பரில் ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து ஓலைகளை மேலே கூட்டிக் கட்டி, அடியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மரச்சட்டம் அடித்து, கட்டடங்களுக்குப் போடும் போம் பலகையால் நான்கு பக்கமும் மூடுகிறேன். வெறும் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். வெயில் நாளில் உள்ளே அவிந்துபோகும், இரவில் வேர்த்த தண்ணீர் ஓலையிலேயே உறையும். இருட்டாக இருக்குமே என்று கவலைப்படாதீர்கள், குளிரில் வளராமல் நிற்கிற மரத்துக்கு இரண்டு மூன்று மாத இருட்டு பெரிய விஷயமில்லை.

சூட்டுக்குப் பழைய ரக நத்தார் பல்ப் சரம், சி-9 என்பார்கள். பல்ப் ஒன்று 7 வாட், 25 பல்ப் சரம் 175 வாட். எல்.ஈ.டி. சரம் வாங்கிவிடாதீர்கள், அது வெளிச்சம் தரும், சூடு பெரிதாகத் தராது. அறைக்கு வைக்கிற ஹீட்டரைப் போம் பெட்டிக்குள் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம், அந்தப் பலகை நன்றாக எரியும். பல்ப் எதுவும் பலகையில் முட்டக்கூடாது.

குளிருக்கேற்ப பல்பைத் தானாகப் போட்டு நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைப் பலர் +5இல் வைக்கிறார்கள். நான் -5இல் வைக்கிறேன். வெளியே -20 என்றால் +5க்கு 25 பாகை வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், -5க்கு 15 போதும். பெட்டியிலிருந்து வெளியேறும் சூடு அந்த வித்தியாசத்தின் அளவுக்குத்தான். மரத்தை வளர்க்கவா சூடு போடுகிறோம்? சாகாமல் இருந்தால் போதுமே.

‘கரண்டு போனால்?’ என்று ஒருவர் வருவார், தெரியும். போனது. 2013 டிசம்பர் 21 இரவு தொடங்கிய உறைமழை, பட்ட இடத்திலேயே ஐஸாகிற மழை, இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. நகரத்தில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் அறுந்தன. எங்கள் தெருவுக்கு நத்தார் கழிந்துதான் வந்தது. காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துத் தண்ணீர் காய்ச்சி, 20 லீட்டர் பெயின்ட் வாளிகளில் ஊற்றி, மூடிபோட்டுப் பெட்டிக்குள் இறக்கினேன். என் மனைவி டோர்ச் பிடித்தபடி, “பிள்ளையளுக்கு முகம் கழுவச் சுடுதண்ணி இல்லை, உங்கட மரத்துக்குக் குளிப்பாட்டு!” என்றார். ஆனால் கணக்கு சரியான கணக்கு. 20 லீட்டர் தண்ணீர், சூடெல்லாம் ஆறிய பிறகும், உறைந்து கட்டியாகும்போது மட்டுமே ஏறத்தாழ 1.8 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தை வெளியே விடும். அந்த பல்ப் சரம் பத்து மணி நேரம் எரிந்தால் தருகிற சூடு அது. அடுத்த ஜனவரியில் -20க்குக் கீழே போனபோதும் மரம் நின்றது. இப்போதும் இரண்டு வாளி தண்ணீரை முன்கூட்டியே உள்ளே வைத்துவிடுகிறேன், கரண்டு இருந்தாலும்.

மின்சாரத்தை வீணாக்குகிறேனாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஒரு சரம் நாள் முழுக்க எரிந்தாலும் 4.2 யூனிட்தான், அதுவும் தெர்மோஸ்டாட் விட்டால். இதைச் சொன்னவர் காலையில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் வருவார். ரொறன்ரோவில் நின்ற இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று நகரச் சட்டமே இருக்கிறது. எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. புகை நேரே எங்கள் குசினி ஜன்னலுக்குத்தான் வரும். சரி, அதை விடுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். யாரோ என் மரத்தைப் படமெடுத்து ‘கனடாவில் யாழ்ப்பாணப் பனை’ என்று வட்ஸ்அப்பில் விட்டார்கள். அதன்பிறகு நுங்கு கேட்டும் அழைப்பு வந்தது, கள்ளு கேட்டும் வந்தது.

மார்ச் கடைசியில் ஒரு பக்கப் பலகையை மட்டும் கழற்றுங்கள், முழுவதையும் ஒரேயடியாகத் திறந்தால் இருட்டில் இருந்த ஓலை வெயிலில் கருகும். நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் மரத்தை வெட்டிவிடாதீர்கள். மருந்துக்கடையில் விற்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைக் குழிக்குள் ஊற்றி, மழை படாமல் மூடிவிட்டு ஜூலை வரை பொறுங்கள். அடியில் குருத்து உயிரோடு இருந்தால் புது ஓலை அரைகுறையாக, நுனி வெட்டுப்பட்டது போல வரும். அதற்கடுத்தது சரியாக வரும்.