நீலகிரி ஓடையில் ட்ரவுட் எதைத் தின்கிறது? கேள்வி பதில்

குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனைப் பற்றியும் தூண்டில் சங்கங்களைப் பற்றியும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தத் தூண்டில் கழி வாங்கலாம், நூல் சுற்றும் சுருள் எதை வாங்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். மீனின் இரையைத் தெரிந்துகொண்ட பிறகு அவற்றுக்கு விடை காண்பது எளிது என்பதால், இரையைப் பற்றியே கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி (குன்னூர்): ஐயா, ட்ரவுட் நீலகிரியில் தொன்றுதொட்டு இருக்கும் மீனா?

இல்லை. பழுப்பு ட்ரவுட்டின் தாயகம் ஐரோப்பாவும் அதை ஒட்டிய பகுதிகளும். வானவில் ட்ரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்கும் ருஷ்யாவின் கம்சாத்கா பகுதிக்கும் உரியது. இந்திய மீன்களை விரிவாக ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1860களில் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், அது கைகூடவில்லை. முட்டைகளைப் பனிக்கட்டியில் பொதிந்து அனுப்பினாலும், வெப்பக் கடலைக் கடந்து, சமவெளியைத் தாண்டி, மலையேறி வந்து சேரும் வரை அவற்றைக் குளிர்ச்சி குறையாமல் காப்பாற்றுவது அக்காலத்தில் பெரும்பாடு. ஹென்றி சார்லஸ் வில்சன் 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் மீன் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் இங்கே ட்ரவுட் வேரூன்றியது. நிலைத்தது வானவில் இனம். மூணாறு மலைகளிலும் இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் இருப்பது அதுவே. காஷ்மீரத்தில் கதை வேறு: அங்கே 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு ட்ரவுட் நிலைபெற்றது.

கேள்வி (கோவை, கோத்தகிரி, பெங்களூரு): காட்டு ஓடையில் வாழும் ட்ரவுட்டின் உண்மையான உணவு என்ன? புழுவா, பூச்சியா, சிறு மீனா?

மூன்றும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே அளவில் இல்லை. ஓடையில் வாழும் நடுத்தர ட்ரவுட்டின் இரைப்பையைத் திறந்தால், பெரும்பாலும் அதில் இருப்பவை நீருக்கடியில் வாழும் பூச்சிகளின் இளம் பருவங்கள்.

இதைப் புரிந்துகொள்ள, மீன் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓட்டம் வேகமாக இருக்கும் நடு நீரில் அது நிற்பதில்லை. ஒரு பாறையின் பின்புறத்திலோ, முன்புறத்தில் நீர் தணியும் இடத்திலோ, கரை குடைந்த நிழலிலோ, வேக நீரும் மெது நீரும் உரசும் கோட்டை ஒட்டித் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். அங்கே நீந்தச் செலவாகும் வலு குறைவு. பக்கத்து வேக நீரோ ஓயாமல் இரையை இழுத்து வருகிறது. ஓர் அடி விலகிக் கவ்விவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும். இரையிலிருந்து கிடைக்கும் வலுவைவிட அதைத் துரத்தச் செலவாகும் வலு கூடுதலாக இருந்தால் மீன் மெலிந்துபோகும். ஆகவே நல்ல இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொள்கிறது. சிறியவை ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன.

ஓட்டம் இழுத்து வருவது என்ன என்று அறிய, முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லை மெல்லத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். தட்டையான உடலோடு, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல் நகர்ந்து ஓடுவது மேஃப்ளை என்ற பூச்சியின் இளரி, அதாவது சிறகு முளைக்காத இளம் பருவம். அதன் வயிற்றின் இரு பக்கத்திலும் இலைகளைப் போன்ற செவுள்கள் படபடக்கும்; வாலில் பெரும்பாலும் மூன்று இழைகள், சிலவற்றில் இரண்டு. இரண்டு வால் இழைகளும் ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்களும் இருந்தால், அது ஸ்டோன்ஃப்ளையின் இளரி. மேஃப்ளைக்குக் காலொன்றுக்கு ஒரு நகந்தான். ஸ்டோன்ஃப்ளை கிடைத்தால் மகிழுங்கள்; பிராணவாயு மிகுந்த, மாசில்லாத நீரில்தான் அது தங்கும். அதே கல்லில் மணல்துகள்களையோ குச்சித் துண்டுகளையோ பட்டு நூலால் ஒட்டிக் கட்டிய சிறு குழல் இருந்தால், அதற்குள் கேடிஸ் பூச்சியின் புழு இருக்கிறது. ட்ரவுட் அதைக் கூட்டோடு விழுங்கிவிடும். இரைப்பையில் மணல் கிடப்பதைப் பார்த்து மீன் மண் தின்றதோ என்று சிலர் ஐயப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பூச்சிகள் கல்லைவிட்டு நழுவி ஓட்டத்தோடு போவது பகலைவிட இரவில் அதிகம். அந்தி சாய்ந்த உடனேயும் விடியலுக்குச் சற்று முன்பும் அது உச்சத்தில் இருக்கும். சிறகு முளைக்கும் வேளையில் அவை நீர்மட்டத்துக்கு ஏறும்போது மீன் மேலே வந்து கவ்வுவதைத்தான் நாம் வளையங்களாகக் காண்கிறோம். மேஃப்ளை சிறகு முளைத்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கிறது. பூச்சிகளில் வேறெதுவும் இப்படிச் செய்வதில்லை. வளர்ந்த மேஃப்ளைக்குத் தின்ன வாய் இல்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டுச் சாகிறது.

மேலேயிருந்து விழுபவையும் பெரிய பங்கு: எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, மழைக்குப் பின் ஈசல். கரையோரச் சோலையை வெட்டினால் மீனுக்கு இந்த உணவும் போகிறது, நிழலும் போகிறது. மீன் பெரிதாக ஆக நண்டு, தவளை, தலைப்பிரட்டை, சிறு மீன், தன் இனக் குஞ்சு என்று எதையும் விடாது.

கேள்வி (உதகை): இன்றைக்கு மீன் எதைத் தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சமையலுக்கென்று ஒரு மீனை எடுத்தால், இரைப்பையில் உள்ளதை வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். கறுப்புக் கூழாகத் தெரிந்தது நீரில் பிரிந்து, காலும் சிறகும் தலைக் கூடுமாக விரியும். இங்கிலாந்தில் இதற்காக மஜ்ஜை எடுக்கும் நீண்ட கரண்டியைப் பயன்படுத்தினார்கள். உயிருள்ள மீனின் வயிற்றிலிருந்து உறிஞ்சியெடுக்கும் குழாய்களும் விற்கிறார்கள். பழகாத கையில் அது மீனின் குடலைக் கிழிக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மீனைத் தொடாமலே அறிய ஒரு வழி உண்டு: நீரோரப் புதரில் உள்ள சிலந்தி வலைகளைப் பாருங்கள். நேற்று மாலையில் ஓடையிலிருந்து சிறகு முளைத்து எழுந்தவற்றில் ஒரு பங்கு அங்கே சிக்கியிருக்கும்.

கேள்வி (சென்னை): நீர்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சிதான் உயர்ந்தது, மூழ்கும் பூச்சி தாழ்ந்தது என்று சில சங்கங்களில் சொல்கிறார்களே?

செயற்கைப் பூச்சி என்பது தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்த போலி இரை. இது பழைய வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென் இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவரும் தெளிந்த ஆறுகளில் மீன்பிடித்த ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டும் அவரைப் பின்பற்றியவர்களும், மேலெழும் மீனுக்கு மிதக்கும் பூச்சியை மட்டுமே போட வேண்டும் என்று வகுத்தார்கள். வழக்கறிஞரான ஸ்கியூஸ், மீன் தின்பதில் பெரும்பகுதி நீருக்குள் உள்ள இளரிகளே என்று காட்டி, அவற்றைப் போன்ற செயற்கைப் பூச்சிகளைக் கட்டினார். 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் சங்கத்தில் இது முறையான விவாதமாகவே நடந்தது. என் கருத்தில் ஸ்கியூஸ் பக்கமே நியாயம், ஏனென்றால் அவர் மீனின் இரைப்பையைச் சான்றாக வைத்துப் பேசினார்.

கேள்வி (மதுரை): மண்புழு போட்டால் தவறா?

உண்ண எடுக்கும் மீனுக்குத் தவறில்லை. விடப்போகும் மீனுக்கு வேண்டாம். புழுவை அது ஆழமாக விழுங்கிவிடுவதால் முள் தொண்டையிலோ குடலிலோ தைக்கும்.

கேள்வி (நுவரெலியா): ஹோட்டன் சமவெளி ஓடைகளில் உள்ள எங்கள் சிறிய இறால்களை ட்ரவுட் அழித்துவிடும் என்கிறார்கள். தூண்டில்காரர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கரிடினா சிங்களென்சிஸ் என்ற அந்த இறால் உலகத்தில் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழ்கிறது. இறாலைத் தேடித் தின்னும் மீன் ஒன்றை மனிதர் கொண்டுவந்து அதே நீரில் விட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் நிலைமை அதுவே. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய நிக்டிபட்ராகஸ் வகை இரவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகள் மலையோடைகளில் வளர்கின்றன. பெரிய வேட்டை மீன் இல்லாத நீரில் பல காலம் வாழ்ந்த உயிர்களுக்கு, அப்படிப்பட்ட மீனைக் கண்டால் ஒதுங்கும் பழக்கம் உருவாகியிருக்காது.

ட்ரவுட்டை நான் மிகவும் நேசிக்கிறேன். அப்படியிருந்தும் உறுதியாகச் சொல்கிறேன்: ட்ரவுட் இல்லாத எந்த மேல் ஓடையிலும், குறிப்பாக அருவிக்கு மேலே உள்ள நீரில், ஒரு குஞ்சைக்கூட விடக் கூடாது. அந்த அருவிதான் அங்குள்ள தவளைக்கும் இறாலுக்கும் மதில். வாளியில் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவது சேவை என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதைச் செய்பவருக்குச் சங்கத்தில் இடமிருக்கக் கூடாது.

கேள்வி (மூணாறு): ஆண்டுதோறும் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டால் மீன் பெருகாதா?

மீன் தானே இனம்பெருக்கும் ஆற்றில் பெருகாது, குறையவும் கூடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், வளர்ப்பு மீன்களை விடுவதை நிறுத்திய ஆற்றுப் பகுதியில் காட்டு ட்ரவுட் பெருகியதையும், புதிதாக விடத் தொடங்கிய இடத்தில் குறைந்ததையும் கண்டார்கள். காட்டு ட்ரவுட் வாழும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதை அம்மாநிலம் 1974இல் நிறுத்தியது. தொட்டியில் உருண்டைத் தீவனம் தின்று வளர்ந்த மீன் ஓடையில் நிற்கும் இடத்தின் முறையை அறியாது. எல்லாரோடும் முட்டிமோதிக் காட்டு மீனையும் இடம்பெயர்த்துவிட்டுத் தானும் மெலிகிறது. இங்கிலாந்திலும் 2015 முதல் ஆறுகளில் விடும் பழுப்பு ட்ரவுட் மலடாக இருக்க வேண்டும், அல்லது அந்த ஆற்றின் காட்டு மீன் வழி வந்ததாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

கேள்வி (கொடைக்கானல்): நாங்கள் சிலர் சேர்ந்து தூண்டில் சங்கம் தொடங்க விரும்புகிறோம். சங்கத்தின் வேலை என்ன?

மீன்பிடிக்கும் உரிமையைப் பகிர்ந்துகொள்வதற்காகத் தொடங்கிய சங்கங்களே பழையவை. இங்கிலாந்தில் டெஸ்ட் ஆற்றங்கரையில் உள்ள ஹௌட்டன் சங்கம் 1822ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நீலகிரியில் 1877இல் தோன்றிய வேட்டைச் சங்கம் கட்டுப்பாடுகளுக்கு முன்நின்றது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதே சங்கம் காலப்போக்கில் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. மூணாறில் ஹை ரேஞ்ச் தூண்டில் சங்கம் உண்டு. 1959இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓ சேபிள் ஆற்றங்கரையில் தொடங்கிய ட்ரவுட் அன்லிமிடெட் என்ற அமைப்பு, மீனைவிட ஆற்றைக் காப்பதையே முதல் வேலையாகக் கொண்டது.

உங்களுக்கு நான் காட்ட விரும்பும் முன்மாதிரி பிரிட்டனில் தூண்டில்காரர்கள் செய்யும் ஆற்றுப்பூச்சிக் கணக்கெடுப்பு. ஒருவர் ஓடையில் வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள கற்களை மூன்று நிமிடம் காலால் கிளறுகிறார். வலையில் சேர்ந்ததைத் தட்டில் கொட்டி, மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை முதலிய எட்டு வகைகளை எண்ணுகிறார்கள். இதையே மாதந்தோறும், அதே இடத்தில், அதே முறையில் செய்கிறார்கள். எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் மேலே எங்கோ பூச்சிமருந்தோ சாக்கடையோ கலந்திருக்கிறது என்று பொருள். காய்கறித் தோட்டங்களும் தேயிலையும் ஓடைவரை இறங்கி நிற்கும் நம் மலைகளுக்கு இதைவிடத் தேவையான வேலை இல்லை. ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு போதும். இடம், நாள், நீரின் வெப்பம், ஒவ்வொரு வகையின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். எண்ணிய உயிர்களை அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஏப்ரல் நடுப்பகலில் ஒரு மீனும் அசைவதில்லை. ஏன்? பிடித்ததை விட்டால் பிழைக்குமா?

இரண்டுக்கும் விடை வெப்பத்தில் இருக்கிறது. பழுப்பு ட்ரவுட் சுமார் 13 பாகை செல்சியஸில் நன்றாக வளர்கிறது, 19ஐத் தாண்டினால் இரை எடுப்பதைக் குறைக்கிறது, 25ஐ நெருங்கினால் சாவின் விளிம்புக்கு வருகிறது. வானவில் இனம் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நீர் சூடேற ஏறப் பிராணவாயு குறைவதால், களைத்த மீன் மூச்சைத் திரும்பப் பிடிக்க முடியாது. கனடாவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை நீந்தவிட்ட வானவில் ட்ரவுட்களில் நீரைவிட்டு வெளியே எடுக்கப்படாதவற்றில் 12 சதவீதமும், 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதமும், 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதமும் இறந்தன. அது ஆய்வுக்கூடத்து நிலைமை என்றாலும், படமெடுக்க மீனைத் தூக்கிப் பிடிப்பவர் அறிந்திருக்க வேண்டிய கணக்கு. விடப்போகும் மீனுக்குக் கொடுக்கு (நுனியருகே பின்னோக்கி நீளும் கூர்) இல்லாத முள்ளைப் போடுங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள், மீனை நீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள்.

கேள்வி (ஈரோடு): சில ட்ரவுட்டின் சதை ஏன் செம்மையாக இருக்கிறது?

இறால் போன்ற ஓடுடைய உயிர்களைத் தின்றால் அவற்றிலுள்ள நிறமி சதையில் சேர்கிறது. பண்ணை மீனுக்கு அதைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள்.

கேள்வி (சேலம்): நீலகிரியில் இப்போது எங்கே தூண்டில் போடலாம்?

முக்குர்த்தி தேசியப் பூங்காவின் ஓடைகளில் போடக் கூடாது. நல்ல ட்ரவுட் நீர் அங்கே இருப்பதால்தான் பலரும் அதைக் கேட்கிறார்கள். பூங்காவுக்கு வெளியே உள்ள அணைகளுக்கும் ஓடைகளுக்கும், போவதற்கு முன்பே உதகையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வழிகாட்டுகிறேன் என்று வழியில் சொல்பவரின் வாய்ச்சொல்லை நம்பி இறங்க வேண்டாம்.