மனச்சோர்வு மாத்திரையால் கல்லீரல் கெடுமா?

பினாங்கில் அக்காவுக்கு அகோமெலட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவர், ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னதால் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசோதனை கேட்டாரே, அது நல்ல மருத்துவர் என்பதற்கு அடையாளம்.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மற்ற மனச்சோர்வு மருந்துகளில் ஈரல் பாதிப்பு மிக அரிது. அகோமெலட்டினில் மட்டும் கட்டாயக் கண்காணிப்பு உண்டு: தொடங்குமுன், பிறகு 3, 6, 12, 24ஆம் வாரங்களில். 25 மில்லிகிராமை 50 ஆக உயர்த்தினால் இதே அட்டவணை மறுபடியும். ரத்தத்தில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் ஈரல் நொதிகள் இயல்பின் மேல் அளவைப்போல் 3 மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அளவு தானே இறங்கிவிடும். பலர் 6ஆம் வாரத்தோடு, 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று விட்டுவிடுகிறார்கள். நொதி ஏறும்போது உடம்பில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். மீதித் தேதிகளை இப்போதே கிளினிக்கில் பதிவு செய்துவிடுங்கள்.

சிறுநீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, மலம் வெளிறுவது, வலது மேல்வயிற்றில் வலி, காரணமில்லாத அரிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் அகோமெலட்டினை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். செர்ட்ராலின் போன்றவற்றை, இந்த அறிகுறிகள் இல்லாதபோது, திடீரென நிறுத்தக்கூடாது. தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம்.

கொழுப்பு ஈரல், ஹெப்பட்டைட்டிஸ் பி, மது, ஜாமு (மலாய் மூலிகை மருந்து), நாட்டு மருந்து, எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஃப்ளுவோக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து, சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டும் அகோமெலட்டினோடு சேரவே கூடாது. அதிகம் மது குடிப்பவர்களுக்கு டுலோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் ஆகாது.