என்விடியா இருந்தும் விளையாட்டு ஏன் திணறுகிறது?

வணக்கம். விண்டோஸில் நொடிக்கு 60 ஃபிரேம் தந்த விளையாட்டு, அதே மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸுக்கு மாறியபின் ஸ்டீமில் 18-ஐத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான்மீது பழி போடுவதற்கு முன், கணினியில் உள்ள இன்டெல், என்விடியா ஆகிய இரண்டில் எந்த கிராஃபிக்ஸ் அட்டை வேலை செய்கிறது என்று பாருங்கள். பினாங்கில் என் தங்கை மகனின் கணினியிலும் இதே திணறல்தான். விளையாடும்போதே ஃபிரேம் எண்ணிக்கை போன்ற விவரங்களைத் திரையில் காட்டும் மேங்கோஹட் என்ற கருவியில் அட்டையின் பெயரைக் காட்டச் சொன்னபோது, திரையின் மூலையில் என்விடியாவுக்குப் பதிலாக இன்டெல் என்றே வந்தது.

என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவியபின், அந்த அட்டைக்கு மாற, முனையத்தில் (டெர்மினல்) 'சூடோ பிரைம்-செலக்ட் என்விடியா' (sudo prime-select nvidia) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பேட்டரி விரைவாகத் தீரும் என்பதால் சார்ஜரைச் செருகியே விளையாடுவது நல்லது. முதல் சில நிமிடங்களில் வரும் சிறு விக்கல், விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலைக் கட்டளைகளை, புரோட்டானில் உள்ள டிஎக்ஸ்விகே என்ற பகுதி, லினக்ஸில் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றும்போது ஷேடர்கள் (ஒளி, நிறம் போன்றவற்றைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) புதிதாகத் தொகுக்கப்படுவதால் ஏற்படுவது. அதற்காகப் படத்தின் தரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.