இத்தாலியில் காடும் குன்றுமாக மலைச் சைக்கிள் ஓட்ட எந்தப் பகுதி நல்லது?

ஆல்ப்ஸ் மலையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், லிகூரியா கடற்கரையிலுள்ள ஃபினாலே லிகுரே என்ற சிற்றூரைச் சொல்வேன். ஜெனோவாவிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம்.

இங்கே கடலை ஒட்டியே மலை எழுகிறது. காலையில் வேனில் சைக்கிளோடு ஏறினால், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், கைவிடப்பட்ட பழைய நேட்டோ தளத்தருகே இறக்கிவிடுவார்கள். பிறகு இறக்கம்தான். முதலில் பீச் (beech) என்ற மரங்களின் காடு: மண் மெத்தென்றிருக்கும், உதிர்ந்த இலைகளுக்கடியில் வேர்கள் ஒளிந்திருக்கும். கீழே வரவர செஸ்ட்நட் மரங்கள். கடைசியில் ரோஸ்மேரி மணக்கும் புதர்க்காடும் வெளிறிய சுண்ணாம்புப் பாறையும். பாறை காய்ந்திருந்தால் டயர் நன்றாகப் பற்றும். மழை பெய்துவிட்டால், பல சக்கரங்கள் ஏறித் தேய்ந்த இடங்களில் வழுக்கும். அங்கே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தீர்களோ, தலைகுப்புறத்தான்.

எண்டூரோ என்பது முக்கியமாக இறக்கங்களில் நேரம் கணக்கிடும் மலைச் சைக்கிள் பந்தயம். 2013இல் தொடங்கிய எண்டூரோ உலகத் தொடரின் முதல் ஆண்டு இறுதிச் சுற்று நடந்த ஊர் இது. அதற்காக மிரள வேண்டாம். லே மானியே மேட்டுநிலத்தில் ஓரளவு பழகியவர்களுக்கேற்ற பாதைகளும் உண்டு.

வசந்த காலமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. ஆகஸ்டில் வெயிலோடு கடற்கரைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், போகவே போகாதீர்கள். இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் என்பதால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணியுங்கள். எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் வேறு பாதைக்குத் திரும்பிவிடுங்கள். சொந்த சைக்கிளை விமானத்தில் சுமந்து போக வேண்டியதில்லை. இரு சக்கரங்களுக்கும் 150 மி.மீ. அளவுக்கு அமுங்கும் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) உள்ளதாகப் பார்த்து அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம்.