பாரசீக வளைகுடாவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

எண்ணெய்க் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவன் நான். அதனால் வரைபடத்துக்கு முன்னால் எனக்கு என்ஜின் அறைதான் ஞாபகம் வருகிறது.

ஆகஸ்டில் ஹோர்முஸ் நீரிணை தாண்டி வளைகுடாவுக்குள் போனால் கூலருக்கு இழுக்கும் கடல்தண்ணீரே 33, 34 டிகிரியில் வரும். என்ஜினைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீரே வெந்நீராக இருந்தால் என்ன செய்வது? கூடுதலாக ஒரு பம்பை ஓட்டிவிட்டு, அலாரம் அடிக்கக் கூடாதே என்று காத்திருப்போம். கிட்டத்தட்ட ஆயிரம் கி.மீ. நீளமுள்ள கடல்தான், ஆனால் சராசரி ஆழம் 50 மீட்டருக்கு மேல் இருக்காது. பெரிய ஆறு என்றால் வடமேற்கு மூலையில் ஷத் அல் அரப் ஒன்றுதான். வரும் நன்னீரைவிட ஆவியாகிப் போவது அதிகம் என்பதால் உப்பும் கூடுதல். பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியிருந்தபோது இந்த இடம் முழுக்க வறண்ட நிலம்.

இந்த ஆழமில்லாத குளத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. ஹோர்முஸ் நீரிணை குறுகிய இடத்தில் 40 கி.மீ.கூட இல்லை. அதிலும் பெரிய கப்பல்களுக்கு உள்ளே போக இரண்டு மைல், வெளியே வர இரண்டு மைல், நடுவே இரண்டு மைல் இடைவெளி. அவ்வளவுதான் பாதை. ஓமானின் முசந்தம் பாறைகள் மொட்டையாக நிற்கும். குறுக்கே சின்னச் சின்ன விசைப்படகுகள் பறக்கும். அவற்றில் பாதி சிகரெட் கடத்துபவை என்பார்கள் கப்பலில்.

வரலாறும் இந்த வாசலைச் சுற்றித்தான். 1515இல் போர்ச்சுகீசியர் ஹோர்முஸ் தீவைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். 1622இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் துணையோடு அவர்களை விரட்டினார். பிறகு ஆங்கிலேயர் காலம், 1971 வரை. அப்போதெல்லாம் இங்கே செல்வம் என்றால் முத்து. ஜப்பானியர் வளர்ப்பு முத்தைக் கொண்டுவந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. நல்லவேளையாக, 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: 1960களின் நடுப்பகுதி வரை வளைகுடாவின் பல ஊர்களில் புழங்கியது ரூபாய்தான். 1959இல் அங்கே செலவழிக்க மட்டும் தனி நோட்டே அடித்தது ரிசர்வ் வங்கி.

சரி, இன்றைய முக்கியத்துவத்துக்கு வருவோம். 2024 கணக்குப்படி ஹோர்முஸ் வழியாக நாளுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. மாற்றுவழியாகச் சவூதி செங்கடலுக்குக் குழாய் போட்டிருக்கிறது, எமிரேட்ஸ் ஹோர்முஸுக்கு வெளியே இருக்கும் ஃபுஜைரா துறைமுகத்துக்குப் போட்டிருக்கிறது. ஆனால் இவ்வளவையும் அந்தக் குழாய்கள் தாங்காது. கத்தாரின் திரவ எரிவாயுவுக்கு அதுவும் கிடையாது, கப்பல்தான்.

'ஈரான் வாசலை மூடிவிட்டால்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் மூடவே வேண்டாம், பயம் காட்டினாலே போதும். 1980களின் ஈரான்-இராக் போரில் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் தாக்கப்பட்டன. அப்போதும் போக்குவரத்து நிற்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, அது எண்ணெயின் விலையில் போய் உட்கார்ந்தது. ஒரு படகு கொஞ்சம் நெருங்கி வந்தாலே கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து கீழே என்ஜின் அறைக்குப் போன் வரும்: "என்ஜின் ரெடியா இருக்கட்டும், வேகம் கேட்போம்." அந்தச் சூட்டில் அதற்கு மேல் வேகம் எங்கிருந்து கொடுப்பது என்பது எங்கள் கவலை.