டெபாசிட் கணக்கு

கேள்வி: ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் பேருந்தில் ஏறினாலும் ஆட்சியைத் திட்டாதவர்களைப் பார்க்க முடியவில்லை. இந்த நிலையில் தேர்தல் வந்தால் ஆளுங்கட்சிக்கு டெபாசிட்டாவது மிஞ்சுமா?

பதில்: மிஞ்சும். அநேகமாக எல்லாத் தொகுதிகளிலும் மிஞ்சும்.

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் கட்டும் டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அதில் பாதி கட்டினால் போதும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால், தோற்றாலும் பணம் திரும்பும். 2 லட்சம் செல்லத்தக்க வாக்குகள் உள்ள தொகுதியில் 33,334 வாக்குகள் வாங்கினால் டெபாசிட் தப்பும். மக்கள் கோபத்துக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1996. அதிமுக 4 இடங்களில் சுருண்டது, முதல்வர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அப்போதும் வாக்களித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அந்தக் கட்சிக்குத்தான் போட்டார். இரண்டே ஆண்டில், 1998 மக்களவைத் தேர்தலில், அதன் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 30ஐ அள்ளியது.

டெபாசிட் என்றதும் மொடக்குறிச்சியைச் சொல்லாமல் விட முடியாது. அதே 1996 தேர்தலில், தங்கள் குறைகளை அரசு கேட்கவில்லை என்று கொதித்த விவசாயிகள் அந்தத் தொகுதியில் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியதாயிற்று. அன்று சட்டமன்ற டெபாசிட் வெறும் 250 ரூபாய். வென்றது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே டெபாசிட் 5,000 ரூபாய்க்கு ஏறியது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் சார்பில் நிற்காதவருக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. நாடே திரும்பிப் பார்த்த எதிர்ப்பு அது, மதிக்க வேண்டியதுதான். ஆனால் சட்டமன்றத்துக்குள் ஒரு நாற்காலியைக்கூட அது நகர்த்தவில்லை.

நோட்டாவுக்குப் போடச் சொல்லும் நண்பர்களோடு இந்தப் பக்கத்தில் நமக்கு இருக்கும் சண்டையும் இதுதான். நோட்டாவுக்கு முன்பு 49-ஓ என்ற விதி இருந்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2013ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதற்குத் தனிப் பொத்தான் வந்தது. ரகசியம் காக்கப்பட்டது, நல்லது. ஆனால் டெபாசிட் கணக்குக்கு எடுக்கும் செல்லத்தக்க வாக்குகளில் நோட்டா சேராது. சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர் வென்றதாகவே அறிவிக்கப்படுவார். ஆளுங்கட்சியைத் தோற்கடிக்க நினைக்கிறவர் நோட்டாவை அமுக்கினால், எதிரில் நிற்பவருக்கு ஒரு வாக்கு குறைகிறது. வேறொன்றும் நடப்பதில்லை.

சரி, ஆட்சி போகுமா? அதற்கு ரேஷன் வரிசையில் கேட்கும் திட்டை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. திட்டுகிறவர்களின் வாக்கு எத்தனை பேருக்குப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். அதே 2 லட்சம் வாக்குத் தொகுதியில் ஆளுங்கட்சி 80,000 வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,20,000 பேர் எதிராகப் போட்டவர்கள். எதிரில் இருவர் நின்று அது 70,000, 50,000 என்று பிரிந்தால் ஆளுங்கட்சிக்கு 10,000 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி, மூவருக்குமே டெபாசிட் பத்திரம். அதுவே 85,000, 35,000 என்று போனால் அமைச்சராக இருப்பவரும் வீட்டுக்குப் போவார். இரண்டிலும் மக்களின் கோபம் ஒரே அளவுதான்.

1967ல் அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் ரணம், இரண்டும் சேர்ந்து காங்கிரசை வாட்டின. ஆனாலும் அது 41 சதவீத வாக்கு வாங்கியது. திமுக தனியாக வாங்கியது அதைவிடச் சற்றுக் குறைவு. சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்டுகள் வரை அண்ணா ஒரே பக்கம் சேர்த்து நிறுத்தியதால்தான் ஆட்சி கைமாறியது, விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். 2016ல் நடந்தது நேர்மாறு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கேட்ட கோபத்தை வைத்து ஆட்சி முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். மக்கள் நலக் கூட்டணி, பாமக, பாஜக, நாம் தமிழர் என்று எதிர்ப்பு வாக்கு சிதறியது. திமுக அணியைவிடச் சுமார் ஒரு சதவீதம் மட்டும் கூடுதலாகப் பெற்று அதிமுக திரும்ப வந்தது. 1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஓர் ஆளுங்கட்சி மீண்டும் வென்றது அப்போதுதான்.

ஆகவே கூட்டணிகள் முடிவாகும் முன் யார் ஆரூடம் சொன்னாலும் நம்பாதீர்கள். அதுவரை உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சென்ற தேர்தலின் படிவம் 20ஐத் தேர்தல் துறை இணையதளத்தில் எடுத்து, உங்கள் வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று பாருங்கள். பிறகு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுங்கள். வீடு மாறியிருந்தால் படிவம் 8, பெயரே இல்லையென்றால் படிவம் 6. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் அவகாசம் வேண்டும் என்பதால் தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் இப்போதே கொடுத்துவிடுங்கள்.